மூன்றாம் துளை

மார்ச் 2, சனி

பெட்டி வந்துவிட்டது. பெங்களூர் கிரிதர் அனுப்பிய சிடி பிளேயர். 1987இல் ஜப்பானில் செய்தது. எடை பதினோரு கிலோ. இப்போதைய பிளேயர்களை ஒரு கையில் தூக்கிவிடலாம், இதை இடுப்பில் வைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

கிரிதர் போனில் சொன்னது இவ்வளவுதான். "செல்வின், இதுல ஒரு ஹம் இருக்கு, பாட்டுக்கு அடியில ஒரு இரைச்சல். மூணு பேர் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்க எடுத்துட்டா மே ஒண்ணாம் தேதி என் ஒர்க்ஷாப்ல வேலைக்கு உக்காருங்க. எடுக்கலன்னா பெட்டியைத் திருப்பி அனுப்புங்க, அவ்ளோதான்." பிடித்திருந்தது. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஆகாது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே கொத்தனார் வந்து நின்றார். கொல்லைக் கதவிலிருந்து குளியலறை வரை சிமெண்ட் தளம் போடுகிறார்கள். கரடுமுரடான கல்லில் அம்மாவின் வாக்கர் போகாது. வழி நடுவில் ஓர் இரும்புக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது, கூடவே ஒரு கம்பியும் வருகிறது, என்ன செய்ய என்று கேட்டார். போனைப் பொத்திக்கொண்டு, "எதுவா இருந்தாலும் வெட்டிட்டு மூடுங்க" என்றேன்.

நல்ல தளம். மட்டமாக இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை வேலைக்காகத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதினால்தான் எது பலித்தது என்று தெரியும். ஆனால் என் வேலை எதுவும் அம்மா இல்லாமல் நகர்வதில்லை. அதனால் அவளும் இதில் வருவாள்.

ஜனவரி 9ஆம் தேதி பாளையங்கோட்டை கோயில் படியில் அம்மா விழுந்தாள். தொடை எலும்பில் தகடு. நான் சென்னையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தேன். ஓசூரிலிருந்து ஹெலன் அக்கா, "பத்து நாள் போய் இருடா, பிள்ளைகளுக்குப் பரீட்சை" என்றாள். ஐம்பத்தைந்து நாளாகிறது. சென்னை வேலை போய்விட்டது.

அக்காவின் நிபந்தனை ஒன்றுதான். அம்மா யார் துணையும் இல்லாமல் குளித்துக்கொண்டால் போதும். சமையலுக்கும் பகல் துணைக்கும் ஓர் அம்மாளை அவள் ஏற்பாடு செய்வாள். நான் கிளம்பலாம். பிசியோதெரபி பெண், மார்ச் கடைசிக்குள் முடியும் என்கிறாள்.

மார்ச் 6, புதன்

பின்னறையில் மேசை போட்டேன். குளியலறைச் சுவர் பக்கம். பழைய கம்ப்யூட்டர், மின்னலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப், ஆம்ப்ளிஃபயர், பிளேயர், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில். காலை எட்டுக்கு ஆன் செய்தால் சாயங்காலம்தான் அணைப்பது.

பிளேயருக்கு இரண்டு பின் வயர்தான். எர்த் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம். டிஸ்கைச் சுழற்றும் பகுதிக்கும் பாட்டை வெளியே அனுப்பும் பகுதிக்கும் ஒரே பவர் சப்ளை. ஒரே குழாயில் சமையலுக்கும் சாக்கடைக்கும் தண்ணீர் எடுத்த மாதிரி. கிரவுண்ட் வயர்கள் மூன்று இடத்தில் இரும்புப் பாடியைத் தொடுகின்றன. யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள், பற்றவைத்த ஈயம் கட்டி கட்டியாக இருக்கிறது.

இரைச்சல்: 4.1 மில்லிவோல்ட்.

முன்னறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "லே, என்னத்தல கொர்ருங்குது?"

"உனக்குக் கேக்குதா?"

"முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல காதுல மாட்டிட்டு உக்காந்துருந்தவளுக்குக் கேக்காதா? மெட்ராஸ் லைனு மழைக்காலத்துல இப்படித்தான் கெடக்கும்."

மார்ச் 8, வெள்ளி

அம்மா குளிக்கப் போனவள் பாதியில் கூப்பிட்டாள். குழாயில் கை வைத்தால் சுர்ரென்று இருக்கிறதாம்.

போய்த் தொட்டேன். ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் இல்லை.

"எனக்கு இருக்குலே."

"எனக்கு இல்லையே."

வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். இருபது நிமிடம் வீண்.

மார்ச் 10, ஞாயிறு

பத்து மணி வரை தூங்கினேன். அம்மா தானே குளித்து, தலை சீவி, அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இன்று சுர் இல்லையாம்.

மார்ச் 13, புதன்

திங்கள், செவ்வாய், இன்று. மூன்று நாளும் சுர். மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை.

டாக்டர் விரல் நுனிகளை ஊசியால் தொட்டுப் பார்த்தார். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு இப்படித்தான் போகும், மரமரப்பு, எரிச்சல், ஷாக் அடித்த மாதிரி எல்லாம் இருக்கும் என்றார். இரண்டு மாத்திரை எழுதினார்.

ஆட்டோவில் அம்மா கேட்டாள். "நரம்புன்னா சோறு சாப்பிடும்போதும்லா இருக்கணும்? கொழாய்ல மட்டும் எப்படில வரும்?"

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

அப்புறம் வீடு வரும் வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர்கள் நான்கையும் மாற்றினேன். பழையவற்றில் இரண்டு அடியில் கசிந்திருந்தன. டிஸ்க் பகுதிக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர். கிரவுண்ட் வயர்களை எல்லாம் ஒரே ஸ்க்ரூவில் கொண்டுவந்து சேர்த்தேன். ஆறு மணி நேர வேலை, மூன்று நாள் ஆனது. நடுவில் மாத்திரை, மோர், வாக்கர், படுக்கை விரிப்பு, குளியல்.

இரைச்சல்: 2.2.

"கொறஞ்சிருக்கு" என்றாள் அம்மா, கேட்காமலே.

மார்ச் 22, வெள்ளி

மாத்திரை ஒன்பது நாளாகிறது. சுர் குறையவில்லை. செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது, வழுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அம்மா வெறுங்காலோடுதான் போகிறாள். அது ஒன்றையாவது சொன்னபடி செய்கிறாள். மற்றபடி கீசரைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று, "செல்வின், கொழாயத் தெறந்து விடுல" என்று கூப்பிடுகிறாள். நான் ஈயம் உருகிக்கொண்டிருக்கும்போது எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் திறந்துவிட்டு வர வேண்டும். பிறகு மூட வேண்டும்.

தினமும். எட்டே காலுக்கு.

மார்ச் 24, ஞாயிறு

இன்றும் சுர் இல்லை. கணக்குப் பார்த்தேன். 10, 17, 24. மூன்று ஞாயிறும் இல்லை. மற்ற எல்லா நாளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா வீடியோவில் வருகிறாள்.

நரம்புக்குக் கிழமை தெரியுமா?

அக்காவிடம் தனியாகச் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான்டா தோணுது. நீ போயிருவன்னு பயம். வயசானா கொழந்த மாதிரி. பொறுமையா இரு" என்றாள். ஓசூரிலிருந்து பொறுமையைப் பற்றிச் சொல்வது எளிது.

மார்ச் 31, ஈஸ்டர்

காலை ஆராதனைக்கு அம்மா எனக்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போட்டு, தானே குளித்து, வெள்ளைச் சேலை கட்டித் தயாராகிவிட்டாள். பக்கத்து வீட்டார் காரில் அழைத்துப் போனார்கள்.

கோயிலுக்கென்றால் கை மரக்காது போல.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு பின் வயரை வெட்டி எறிந்தேன். மூன்று பின் சாக்கெட், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் உள்ளேயே கொண்டது. எர்த் வயரைப் பாடியில் முறுக்கினேன். இதுதான் சரியான முறை. புத்தகத்தில் எப்படியோ அப்படி.

இரைச்சல்: 3.4. கூடியிருக்கிறது.

எர்த் கொடுத்தால் எப்படிக் கூடும்? சாயங்காலம் வரை ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். என் ஈயத்தில் குறை இல்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

அம்மா இப்போது குழாயை மத்தால் திறக்கிறாள். கீரை கடைகிற மர மத்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாக்கரோடு குளியலறைக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு ஆள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, கொல்லைல கீர கடையப் போறியளா?" என்று கேட்டார். அம்மா டீச்சர் இல்லை என்று அவருக்கு இருபது வருடமாகச் சொல்கிறோம்.

"கூடிட்டு வருதுல, இந்த வாரம்" என்றாள் என்னிடம்.

எனக்கும் எரிச்சல் கூடிக்கொண்டுதான் வந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கிரிதர் அழைத்தார். எங்கே நிற்கிறது என்றார். சொன்னேன். "இருபது நாள்தான் இருக்கு செல்வின்." போனை வைத்த அதே நிமிடம் கொல்லையிலிருந்து மத்து விழும் சத்தம். "லே, செல்வின்."

போனேன். திறந்துவிட்டேன். பிறகு சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது நோட்டு.

"ஞாயித்துக்கெழமை வராத சுர் மத்த நாள் மட்டும் எப்படிம்மா வருது? நான் போகக் கூடாதுன்னு நீ நடிக்க. அக்காவுக்கும் தெரியும்."

அம்மா தோளில் துண்டோடு வாக்கரைப் பிடித்து நின்றாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அவளும் சொன்னாளா?"

"ஆமா."

"எக்ஸ்சேஞ்ச்ல ஒரு நாளைக்கு நூறு பேரு கூப்பிடுவான். லைன்ல சத்தம் வருது, லைன் செத்துப் போச்சுன்னு. நீ பொய் சொல்லுதன்னு நான் ஒருத்தன்ட்டயும் சொன்னதில்லல. டெஸ்ட் போட்டுப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன்."

"நான்தான் தொட்டுப் பாத்தேன்ல?"

"ஆமா. தொட்ட."

ஏப்ரல் 10, புதன்

மத்து சமையலறையில் ஆணியில் தொங்குகிறது. அம்மா தானே போனாள், தானே குளித்தாள், தானே வந்தாள். கூப்பிடவில்லை.

"சுர்ருங்குதா?"

"இல்ல."

ஏப்ரல் 11. இல்ல.

ஏப்ரல் 12. இல்ல. நாலே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்துவிட்டாள். முன்பெல்லாம் கால் மணி நேரம் ஆகும்.

ஏப்ரல் 15, திங்கள்

ஆறு நாள். சொல்லிவிட்டால் சரியாகிவிடுகிறது என்றால் மார்ச் மாதமே சொல்லியிருக்கலாம். அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பகல் துணைக்கு ஆள் பார்த்துவிட்டாள். 29ஆம் தேதி ரயிலில் டிக்கெட் போட்டேன்.

அம்மாவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். "மேல் பெர்த்தா? ராத்திரி எறங்கையில பாத்து எறங்கு" என்றாள். அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பழக்கமாகிவிட்டது போல.

ஏப்ரல் 18, வியாழன்

இரைச்சல் 3.4இலேயே நிற்கிறது. மின்சாரம் நுழையும் இடத்திலேயே வடிகட்டினால்தான் உண்டு. ஜங்ஷனில் கடை கடையாக ஏறினேன். இந்த இடத்துக்கென்றே செய்த சின்ன கண்டன்சர் ஒருவரிடமும் இல்லை. கோரியரில் வர ஆறு நாள் என்றார்கள். ஆறு நாள் யார் உட்கார்ந்திருப்பது? கையில் கிடைத்ததை வாங்கி வந்தேன். அளவு இருபது மடங்கு பெரிது. லைனிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று. எர்த் இருக்கிறதே, அது இழுத்துக்கொள்ளும்.

இரைச்சல்: 1.6. பலித்தது.

நாளை காலை எட்டு மணியிலிருந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19, வெள்ளி

அம்மா விழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, சனி

தொடையில் வைத்த தகடு நகரவில்லை. இடது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். நெற்றியில் மூன்று தையல்.

வரிசையாக எழுதுகிறேன்.

8.17. சத்தம் கேட்டது. செருப்பு போடாமல் ஓடினேன். அம்மா குளியலறைத் தரையில் சுவரோரம் கிடந்தாள், வாக்கர் அவள் மேல். குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. அவளை இழுத்து உட்காரவைத்தேன். நெற்றியில் ரத்தம். குழாயை மூடக் கை நீட்டினேன்.

முழங்கை வரை அடித்தது. கை தானாகவே பின்னால் போய்ச் சுவரில் மோதியது. சுர் இல்லை அது. அடி.

இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"சுர்ருங்குதால?" என்றாள்.

நான் பின்னறைக்கு ஓடி எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். எதற்கு அதை அணைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்து வெறுங்காலோடு, புறங்கையால் குழாயைத் தொட்டேன். இல்லை.

மருத்துவமனையில் டாக்டர், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"வழுக்கிருச்சு" என்றாள் அம்மா.

ஏப்ரல் 21, ஞாயிறு

வயர்மேன் சுடலைமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். மஞ்சள் பை, ஒரு டெஸ்டர், ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பு. அவ்வளவுதான் அவர் சாமான்.

என் மேசையை ஆன் செய்யச் சொன்னார். குழாயில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. அந்த மாதிரி டெஸ்டர் என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. மார்ச் 8 அன்றும் இருந்தது. பேனா ஸ்டாண்டில்.

பிறகு பல்பின் ஒரு வயரை லைன் துளையிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் செருகினார். பல்பு எரியவில்லை.

"பாத்தியளா தம்பி. எர்த் செத்துக் கெடக்கு."

"சாக்கெட்ல வயர் வந்திருக்கே அண்ணே. நான் தெறந்து பாத்தேன்."

"மூணு ஓட்ட இருந்தா எர்த் இருக்குன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாவளோ? வயர் வரும். வந்து எங்க போவுதுன்னுலா பாக்கணும்."

வீட்டிலுள்ள எல்லா எர்த் வயரும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. மண்ணுக்குத்தான் போகவில்லை. என் கம்ப்யூட்டர், ஸ்கோப், ஆம்ப்ளிஃபயர், கடைசியாக அந்தப் பிளேயர், எல்லாவற்றின் ஃபில்டரும் அந்த வயரில் கொஞ்சம் கொஞ்சம் கரண்டை விட்டுக்கொண்டிருந்தன. அது மண்ணுக்குப் போக வழி இல்லாமல் கீசர் பாடிக்கு ஏறி, இரும்புக் குழாய்க்கு வந்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஆள் வழியாகப் போயிற்று. மீட்டரில் 118 வோல்ட்.

நான் தொட்டபோதெல்லாம் ரப்பர் செருப்பு.

"இந்த வீட்டு எர்த் குழி எங்க?" என்று கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார் சுடலைமுத்து அண்ணன். "ஒங்கப்பா சார் இருக்கையில நான்தான அடிச்சுக் குடுத்தேன். இங்ஙனதான இருந்துச்சு." சிமெண்ட் தளத்தின் நடுவில் நின்று காலால் தட்டினார். "யாரு மூடுனா?"

"கொத்தனார் மூடியிருக்கார்" என்றேன்.

அம்மா பின் கதவருகே நாற்காலியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா சனிக்கெழம தவறாம அந்த எர்த் கொழாய்ல ஒரு வாளித் தண்ணி ஊத்துவாவ, மண்ணு காய்ஞ்சிரக் கூடாதுன்னு" என்றாள். "அவியளுக்கு அப்புறம் நான் ஊத்துனேன். காலு இப்படி ஆனப்புறம் உன்ட்ட சொல்லலாம்னு பாத்தேன். அங்ஙன தளம் போட்டுட்ட. கேட்டா எரிஞ்சு விழுவ."

சுடலைமுத்து அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பல்பு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

தளத்தை உடைத்தோம். நானும் கடப்பாரை பிடித்தேன். அரை அடி ஆழத்தில் வெட்டுப்பட்ட குழாய். ரம்பத்தால் நேராக, சுத்தமாக வெட்டியிருந்தார்கள். கம்பியையும்தான். பக்கத்தில் புதிதாக எட்டடிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம். கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்சும் மாட்டியாயிற்று. ஜனவரியிலேயே மாட்ட நினைத்தது.

பல்பு எரிந்தது. நன்றாகவே.

பெரிய கண்டன்சர்கள் இரண்டையும் பிடுங்கிவிட்டேன். கோரியரில் சரியானது வரட்டும். ஆறு நாள் ஆகட்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

புது எர்த்தில் பிளேயரை ஓட்டினேன். 0.2. ஸ்கோப் கோடு அலையில்லாத குளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. என் ஈயத்தில் குறை இல்லை என்று ஏப்ரல் 3ஆம் தேதி எழுதியிருந்தேன். அது உண்மைதான். அந்த உண்மையால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கிரிதருக்குச் சொன்னேன். "பிரமாதம், ஒண்ணாம் தேதி வாங்க" என்றார். அம்மாவுக்குக் கை முறிந்திருக்கிறது, ஜூன் வரை நேரம் வேண்டும் என்றேன்.

"அக்கா இல்லையா உங்களுக்கு?"

"இருக்காங்க."

"பாருங்க செல்வின், எனக்கு ஆள் இப்ப வேணும். இன்னொருத்தர் ரெடியா இருக்கார். பெட்டியை மட்டும் அனுப்பிருங்க. வேற ஏதாவது வந்தா கூப்பிடறேன்."

கூப்பிட மாட்டார். நானாக இருந்தாலும் கூப்பிட மாட்டேன்.

ஏப்ரல் 27, சனி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எது எந்தத் தேதியில் என்று தெரிவதற்காகத்தானே எழுதியது.

மேசை போட்டது மார்ச் 6. சுர் வந்தது மார்ச் 8. ஞாயிற்றுக்கிழமை நான் பத்து மணி வரை தூங்குகிறேன், மேசை அணைந்திருக்கும், சுர் இல்லை. ஈஸ்டர் அன்று நான் எழுந்திருக்கவே இல்லை. மூன்று பின் மாற்றியது ஏப்ரல் 3. கூடுகிறது என்று அவள் சொன்னது ஏப்ரல் 5. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 2ஆம் தேதிப் பக்கத்தை அம்மாவிடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். கொத்தனார் என்று சுடலைமுத்து அண்ணனிடம் சொன்னேனே, அது அப்படி இல்லை என்றேன்.

"அன்னைக்கு நான் இந்தக் கட்டில்லதான கெடந்தேன்" என்றாள். "நீ வெட்டிட்டு மூடுங்கன்னு சொன்னது கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"அப்புறம் ஏன் அவர்ட்ட சொல்லல?"

"வெளியாளுட்ட எப்படில சொல்லுவேன்?"

மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக் கேட்டாள். "அப்போ அந்த நரம்பு மாத்திர?"

"நிறுத்தலாமான்னு டாக்டர்ட்ட கேக்கணும்."

"ஆறு வாரம் சும்மா முழுங்கிருக்கேன். வாயெல்லாம் கசப்பு." பிறகு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஹெலன்ட்ட நீயே சொல்லிரு. நான் நடிக்கலன்னு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

ஏப்ரல் 28, ஞாயிறு

சொன்னேன். வீடியோவில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. முதலில் எர்த், ஃபில்டர் என்று ஆரம்பித்தேன்.

"டேய், எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் அக்கா.

"அம்மா சொன்னதெல்லாம் நெசம். ஷாக் அடிச்சது. என் மேசையால அடிச்சது. எர்த்தை வெட்டச் சொன்னதும் நான்தான். நடிக்கான்னு உன்கிட்ட சொன்னது தப்பு."

அக்கா திரையில் மூக்கைத் துடைத்தாள்.

"அம்மா, பத்தாந்தேதிக்கு அப்புறம் இல்ல, இல்லன்னு சொன்னியே, அப்பவும் அடிச்சுதா?"

"லேசாத்தான்" என்றாள் அம்மா.

"ஒம்போது நாளும்?"

"ஞாயித்துக்கெழம இல்லல்லா" என்றாள் அம்மா.

ஏப்ரல் 29, திங்கள்

டிக்கெட்டை ரத்து செய்தேன். பெட்டியைக் கட்டி கோரியரில் போட்டேன். தெர்மோகோல் போதவில்லை. அம்மாவின் பழைய போர்வை ஒன்றை வைத்து அடைத்தேன்.

அக்கா மே கடைசியில் பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்து ஒரு வாரம் இருப்பாளாம். அதற்கப்புறம் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 1, புதன்

பெங்களூரில் இப்போது யாரோ ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

அம்மாவுக்கு இட்லி. கட்டுப் போட்ட கைக்கு பிளாஸ்டிக் பை கட்டுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். இரண்டு ரப்பர் பேண்ட் போதாது, மூன்று வேண்டும்.

மே 3, வெள்ளி

விழுந்த நாளிலிருந்து அம்மா குளியலறைக்குள் வரவில்லை. படுக்கையறையில் துடைத்துவிடுவதோடு சரி. இன்று வாசல் வரை வந்தாள்.

குழாயில் மீட்டரை வைத்துக் காட்டினேன். 0.7.

"அது என்ன கணக்கோ" என்றாள்.

சரிதான். மீட்டர் என்னுடையது, மேசை என்னுடையது, சொல்பவனும் நான்.

செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்தேன். பின்னறைக்குப் போய் மேசையில் இருந்த எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு வந்தேன். தரையில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, அதில் நின்று, கையை நனைத்து, குழாயைப் பிடித்தேன். விடாமல் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லைனில் சத்தம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

பிறகு வாக்கரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உள்ளே வந்தாள். வெறுங்கால். நல்ல கையை நீட்டி, ஒரு விரலால் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள். பிறகு மொத்தக் கையாலும் பிடித்தாள்.

"சுர்ருங்குதா?"

"இல்ல."

"நெசமாவா?"

"இல்லல."

"போன மாசமும் இப்படித்தாம்மா இல்லன்ன. எப்படி நான் நம்ப?"

அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியில் விழுந்தது. அந்தச் சத்தத்தினூடே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்போ நீ போவணும்னுதான் இல்லன்னு சொன்னேன். இப்பதான் நீ போவலியே. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

மே 4, சனி

எர்த் குழாயில் ஒரு வாளி ஊற்றினேன்.